சலீமின் இடது கால்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. படிவத்தை நிரப்பியவன் நான்.

பெயர்: சலீம். பால்: ஆண். வயது: 31. குறை: கயிறு உரசி இடது காலில் வீக்கம். அவசரம்: குறைவு.

இதில் வயது சரி, இடது கால் வீக்கம் சரி. மற்றதெல்லாம் தவறு. சலீம் என்று ஒருவர் இல்லை. இருந்தவள் மிஸ்னா என்ற பெண். அவளைக் கடித்தது விரியன்.

இஸ்ரேலின் தெற்கே, நகப் பாலையில், ஆம்புலன்ஸை அழைக்கும் எண்ணுக்குப் பின்னால் உள்ள அறையில் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அரபியில் யாராவது அழைத்தால் என் காதிலும் இணைப்பு வரும். கேட்டதை ஹீப்ருவில் சொல்வேன். படிவத்தையும் நிரப்புவேன். ஓஸ்னாத் என்ற பெண் அதைப் பார்த்து வண்டியை அனுப்புவாள். வேலை நேரம் இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை. செவிலியர் படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவனுக்கு அதுதான் கிடைத்தது. இந்த அழைப்பு வந்தது காலை 6.41க்கு, ஒரு பெண்ணின் குரலில்.

நானும் அந்தப் பாலையில் ஆடு மேய்க்கும் பதூவின் இனத்தவன்தான். ஆனால் என் அப்பா கூடாரத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தவர். நான் தளம் போட்ட வீட்டில் வளர்ந்தேன். அந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது.

[முதல் வரைவில் மொழிபெயர்ப்பாளன் நான் அல்ல. வடக்கே கலிலேயாவிலிருந்து வந்த ஒரு பெண். பாலைப் பேச்சு அவளுக்கு விளங்காது, அதனால் தவறு நேர்கிறது, அவள் அழுகிறாள். ஒரு வாரம் அப்படி எழுதினேன். நன்றாகவே வந்தது. அதனால்தான் கிழித்தேன்.]

2

எங்கிருந்து தொடங்குவது?

'உம் சுவைத் கிராமத்துக்கு மேலே மின்கம்பிகள் போகின்றன. உம் சுவைத்துக்கு மின்சாரம் இல்லை.'

உண்மையான வரிதான். ஆனால் வெளியிலிருந்து வருகிற எல்லோரும் முதலில் இதைத்தான் எழுதுகிறார்கள். கம்பியைப் பற்றி உம் சுவைத்தில் யாரையாவது கேளுங்கள். "துணி காயப்போட முடியாத உயரம்" என்பார்கள். அவ்வளவுதான்.

'அரசாங்கத்தின் வரைபடத்தில் உம் சுவைத் இல்லை. இல்லாத ஊருக்குச் சாலை போடமாட்டார்கள். சாலை இல்லாத இடத்துக்கு ஆம்புலன்ஸ் வராது. ஆம்புலன்ஸ் வராததால்'

[நிறுத்திவிட்டேன். இது மனு. மனு எழுத ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாக எழுதுகிறார்கள். முப்பது வருடமாக எழுதுகிறார்கள்.]

'மிஸ்னா ஆடுகளுக்கு வாற்கோதுமை எடுக்கப் போனாள்.'

இது போதும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். தொட்டியின் குழாய் மூட்டு கசிந்துகொண்டே இருக்கும். ஈரத்துக்கும் தானியத்துக்கும் எலி வரும், எலியைத் தேடி மற்றது வரும். மிஸ்னா ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள். மூட்டையை இழுத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். கத்தவில்லை. ஆடு மிரளும் என்று கத்தவில்லையாம்.

மணி ஆறு இருபத்தைந்து இருக்கும். அவள் கணவன் அவ்தா பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வீட்டில் இருந்தவள் அவ்தாவின் அக்கா சப்ஹா. கணவன் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டபோது தம்பி வீட்டுக்கு வந்தவள். பதினொரு வருடமாகிறது. ஃபோனை எடுத்தவள் அவள்தான்.

3

எங்கள் பெண்கள் பாம்பு கடித்தவரைக் 'கடிபட்டவர்' என்று சொல்லமாட்டார்கள். 'சலீம்' என்பார்கள். சுகமாயிருப்பவர் என்று பொருள். ஆணானாலும் பெண்ணானாலும் அதே சொல்தான். கடிபட்டவர் காதுபட பாம்பு என்ற பேச்சே எடுக்கக்கூடாது. பெயரைக் கேட்டால் விஷம் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து மேலே ஏறும். ஆகவே அதற்குக் 'கயிறு' என்று பெயர்.

சிரிக்கவேண்டாம். நீங்களும் இருட்டிய பிறகு அதைக் கயிறு என்பவர்கள்தான். படமெடுத்துக் கொத்துவதற்கு 'நல்ல' என்று அடைமொழி கொடுத்தவர்கள்தான்.

சிக்கல் என்னவென்றால், சலீம் என்பது ஆண்பிள்ளைகளுக்கு வைக்கிற பெயரும்கூட. எங்கள் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவது ஒரு சலீம் மேல்தான் விழும். தவிர, வீட்டுப் பெண்ணின் பெயரை முன்பின் தெரியாத ஆணிடம் சொல்லும் வழக்கம் சப்ஹாவின் தலைமுறையில் இல்லை. உம் சுவைத்தில் ஃபோனுக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் பக்கம். மிஸ்னா கிடந்ததும் அங்கேதான், சப்ஹாவின் காலடியில், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

அழைப்பு இப்படிப் போயிற்று. இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். சொல்லுங்க."

"வஅலைக்கும் ஸலாம். எப்படி இருக்கே தம்பி?"

"சுகம், அல்ஹம்துலில்லாஹ். சொல்லுங்க."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"சுகம்."

"அத்தா?"

"சுகமா இருக்காரு."

"வீட்டுல எல்லாரும்?"

ஓஸ்னாத் பேனாவால் மேசையைத் தட்டினாள். "என்னவாம்?"

"எங்க அம்மாவை விசாரிக்கிறாங்க."

"உங்க அம்மாவை அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."*

"என்ன விஷயம்மா?" என்றேன்.

"நம்ம வீட்டுல சலீம் இருக்கு தம்பி. வண்டி அனுப்பு."

"என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு."

"அவருக்கு என்ன பண்ணுது?"

"காலையில கயிறு பட்டிருச்சு. இடது கால்ல. வீங்கிக்கிட்டே போகுது."

"கயிறு அறுத்துருச்சா?"

"ரெண்டு இடத்துல."

"ரத்தம்?"

"கொஞ்சம்தான். தம்பி, நீ புரிஞ்சுக்கிட்டேல்ல?"

"புரிஞ்சுதும்மா."

எங்கே வரவேண்டும் என்று கேட்டேன். உம் சுவைத் என்றாள். ஓஸ்னாத்தின் திரையில் அப்படி ஒரு ஊர் இல்லை. பெருஞ்சாலையில் பதினேழாம் கிலோமீட்டர் கல்லுக்கு நோயாளியைக் கொண்டுவரச் சொல்லி முடித்தோம். மணி 6.45.

(* ஒலிப்பதிவில் பின்னால் அளந்து பார்த்தேன். நலம் விசாரிப்புக்கு மட்டும் பதினெட்டு வினாடி ஆகியிருக்கிறது. அவசரம் என்பதால் சப்ஹா சுருக்கியிருக்கிறாள்.)

4

பதினேழாம் கல்லில் நடந்ததை நான் பார்க்கவில்லை. சப்ஹாவும் அவ்தாவும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டவைத்திருக்கிறேன்.

அவ்தா ஏழேகாலுக்கு வந்தான். வண்டியின் பின்னால் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டு மிஸ்னாவை ஏற்றினார்கள். பெருஞ்சாலைக்கு ஆறு கிலோமீட்டர், எல்லாம் குழியும் கல்லும். ஏழு ஐம்பதுக்குக் கல்லடிக்கு வந்துவிட்டார்கள். 'அவசரம்: குறைவு' என்று போட்டிருந்ததால் ஆம்புலன்ஸ் வர எட்டு இருபத்தைந்து ஆயிற்று.

ஓட்டிவந்தவன் பெயர் வாலேரி. இவன்தான் எனக்குக் கதையில் பெரிய தொல்லை. மூன்று வரைவுகளில் இவனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். ஒன்றில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே இறங்குகிறான். இன்னொன்றில் சிகரெட்டை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்க்கிறான். கதைக்கு அப்படி ஒருவன் தேவைப்பட்டான். அவன் ஒத்துழைக்கவில்லை. இறங்கியவன் ஓடித்தான் வந்தானாம், கையில் நான் நிரப்பிய படிவத்தோடு.

"சலீம் யாரு?"

"இதோ சலீம்," என்றான் அவ்தா. அவனுக்கு ஹீப்ரு நன்றாகப் பேச வரும்.

"இது பொம்பளையாச்சே."

"ஆமா."

"ஆம்பளைன்னு போட்டிருக்கு. முப்பத்தொரு வயசு. அவரு எங்க?"

வண்டியின் பின்னாலிருந்து சப்ஹா கேட்டாள்: "என்னடா கேக்குறான்?"

"சலீம் எங்கன்னு கேக்குறான்க்கா."

"அவன் கண்ணுல என்ன மண்ணா?"

கால் தொடைவரை வீங்கிப் படுத்துக்கிடந்த மிஸ்னா சொன்னாளாம்: "நான்தான் சலீம்னு சொல்லுங்க. மீசையை இன்னைக்குக் காலையிலதான் எடுத்தேன்னு சொல்லுங்க."

அவ்தா வாலேரியின் கையைப் பிடித்து முப்பது அடி தள்ளிக் கூட்டிப்போய், காதோடு காதாக 'பாம்பு' என்றான். ஹீப்ருவில்தான் சொன்னான். ஹீப்ருவில் சொல்ல எதற்கு முப்பது அடி, விஷத்துக்கு அந்த மொழி தெரியுமா என்று நான் பின்னால் கேட்டபோது அவ்தா சிரிக்காமல் பதில் சொன்னான்: "இந்த நாட்டுல பொறந்த விஷம்தானே. ரெண்டு பாஷையும் தெரியும்."

வாலேரி ஹீப்ருவில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், பிறகு ரஷ்ய மொழியில் ஒன்று. தார்ச்சாலையை விட்டு இறங்கக்கூடாது என்பது அவனுக்குக் கொடுத்த உத்தரவு, அவன் போட்டதல்ல. தார்ச்சாலையில் அவனால் எவ்வளவு வேகமாக ஓட்டமுடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டினான். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்பது பத்துக்கு.

அங்கேயும் படிவத்தைப் பார்த்துத்தான் அவள் மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். இரண்டு நாள் அவள் சலீமாகவே இருந்தாள். அவ்தா காப்பீட்டு அட்டையைத் தேடிக்கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள்.

5

ஐந்தாம் நாள் என்னை ஒரு அறைக்குக் கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டினார்கள். நோயாளியின் கணவர் வந்து ஏன் தாமதம் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், பதில் சொல்லவேண்டும் என்றார்கள். மேலாளருக்கு அரபி தெரியாது. இரண்டு தடவை ஓடவிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாம்பு என்ற சொல் இதில் எங்காவது வருகிறதா?"

"இல்லை."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

அந்த வேலையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே துல்லியமானது இதுதான். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அந்தத் தாளில் ஒரு கேள்வி இருந்தது: 'அழைத்தவருக்கு மொழி உதவி வழங்கப்பட்டதா?' அதற்கு எதிரே 'ஆம்' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

[இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. உம் சுவைத்துக்குப் பக்கத்துக் கிளினிக் எத்தனை கிலோமீட்டர், பெண்கள் தனியாகப் பேருந்தில் போவது எப்படிப் பார்க்கப்படுகிறது, ஊசிமருந்தைக் குளிரவைக்க இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓட்டுகிற வீடுகள், தபால் பெட்டி ஒன்றே நாற்பது குடும்பத்துக்கு என்பதால் இரத்தப் பரிசோதனை முடிவு யார் கைக்கோ போவது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பத்தி எனக்குச் சாதகமாக இருந்தது. குற்றவாளிகள் கூடக்கூட என் பங்கு குறைந்துகொண்டே வந்தது. எடுத்துவிட்டேன்.]

அந்த வாரம் வேலையை விட்டேன். காரணமாக 'மனசாட்சி' என்று எழுதியிருந்தேன். அது பெரிய சொல். எங்கேயாவது ஃபோன் அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

6

மூன்றாவது வாரம் மருத்துவமனைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கதாசிரியன் சொல்லவேண்டும். தெரியவில்லை என்றுதான் சொல்லமுடியும்.

மருத்துவமனைப் புல்வெளியில் எங்கள் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். பாய், ஃபிளாஸ்க், தேநீர் கிளாஸ்கள், சாம்பலில் சுட்ட ரொட்டி. உள்ளே ஒருவர் படுத்திருந்தால் வெளியே பன்னிரண்டு பேர். சப்ஹா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். உம் சுவைத்துக்காரர்கள் யார் என்று அவளிடமே கேட்டேன். நான்கு சொல்தான் பேசியிருப்பேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா எப்படி இருக்காங்க தம்பி?"

குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். நான் உட்கார்ந்தேன். தேநீர் ஊற்றினாள். சர்க்கரை மிக அதிகம்.

"உன்னைப் பாக்கணும்னு இருந்தேன்," என்றாள். "நீ அன்னைக்கு 'அவருக்கு என்ன பண்ணுது'ன்னு கேட்டே பாரு. பொம்பளைன்னு வெளியில காட்டாம பேசுறான், நல்ல வளர்ப்புன்னு நெனச்சேன்."

நான் தேநீரைக் குடித்தேன்.

"ஆபீஸ்ல அவ்தாகிட்ட சொல்லிட்டாங்க. ஃபோன் பண்ணவங்க பாம்புன்னே சொல்லலைன்னு. பதிவு இருக்காம். அவன் அன்னையிலேருந்து என்கிட்ட பேசுறதில்ல. மிஸ்னா வீட்டுக்கு வந்ததும் என்னை வறண்ட ஆத்துக்கு அந்தப்பக்கம் பெரிய அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டான். அங்க அண்ணன் பொண்டாட்டி இருக்காளே, அவ ஆட்டுக்கே அளந்துதான் தண்ணி வைப்பா."

"மிஸ்னா என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா. 'மதினி போனா நானும் வர்றேன், ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டே'ங்கிறா. அவளுக்கு எல்லாம் வேடிக்கை." கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினாள். "தம்பி, நான் சரியாத்தானே சொன்னேன்? நீதானே எடுத்தே. ரெண்டு தடவை சொன்னேன். சலீம்னேன், கயிறுன்னேன்."

இந்த இடத்துக்காகத்தான் போயிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. ஒரு வாக்கியம் போதும். 'நீங்க சரியாத்தான் சொன்னீங்க, தப்பு என்மேல.' அதைச் சுமந்துகொண்டுதான் பேருந்தில் வந்திருந்தேன். வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"எனக்கு அந்தச் சொல் தெரியாதும்மா. நான் டவுன்ல வளர்ந்தவன்."

அவள் என் முழங்காலில் தட்டினாள். "தெரியாததுக்கு நீ என்ன பண்ணுவே, பாவம். அப்ப தப்பு என்னோடதுதான். டவுன் பிள்ளைகிட்ட டவுன் பேச்சு பேசியிருக்கணும். அவளை விட்டுத் தள்ளிப்போய், வாயைத் தொறந்து சொல்லியிருக்கணும்." இன்னொரு கிளாஸ் ஊற்றினாள். "அவ்தா சொல்றது சரிதான்."

[இதற்கு மேல் இந்தப் பகுதியை நீட்டப் பலமுறை முயன்றேன். முடியவில்லை.]

7

அந்த நேரத்தில் அவ்தா வார்டிலிருந்து ஒரு தாளோடு வெளியே வந்தான். முப்பத்தாறு வயது, சவரம் செய்யாத முகம். அக்காவைப் பார்க்காமல் அக்காவுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"தம்பி, ஹீப்ரு படிப்பியா? பேசுவேன், படிக்க வராது. இவ கையெழுத்துப் போடமாட்டேங்கிறா. எல்லா வரியும் தெரிஞ்சாத்தான் போடுவாளாம்."

நான் யார் என்று சப்ஹா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூவரும் உள்ளே போனோம்; பதினேழாம் கல்லில் நடந்ததை அவ்தா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

மிஸ்னா தலையணையில் சாய்ந்திருந்தாள். கால் போர்வைக்கு வெளியே இருந்தது, கட்டுப்போட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் விரல்களின் நிறத்தில் இல்லை. நாளைக் காலை அறுவை. மூன்று விரல்கள், திறந்து பார்த்தபின் தேவைப்பட்டால் பாதத்தின் முன்பகுதி. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அவ்தா கேட்டதற்கு, இருக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது என்றாராம் மருத்துவர்.

"முதல்ல பேரைப் பாருங்க," என்றாள் மிஸ்னா. "சலீம்னு இருந்தா சலீமோட காலை வெட்டிக்கட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

"மிஸ்னான்னுதான் இருக்கு. பெண். முப்பத்தொண்ணு."

"அப்பாடா. திரும்பப் பொம்பளை ஆயிட்டேன். மதினி, கேட்டீங்களா?"

சப்ஹா சிரித்தாள். அவ்தா சிரிக்கவில்லை. மிஸ்னா இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் இப்படியே இருங்க. வெட்டுறது என் காலை, செத்த மூஞ்சி உங்களுக்கு." பிறகு என்னிடம், "மேல படிங்க."

இரண்டாவது வரி, ஹீப்ருவில்: விஷப்பாம்புக் கடி, இடது பாதம், கடித்து இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவரப்பட்டார். கண்ணால் அதைப் படித்து அரபியில் சொன்னேன். நிறுத்தவில்லை, யோசிக்கவில்லை. பல மாதம் செய்த வேலைதானே.

"இடது பாதத்துல கயிறு பட்டு, ரெண்டே முக்கால் மணி நேரம் கழிச்சு..."

சப்ஹா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னே தம்பி?"

தாளில் பாம்பு என்று இருந்தது. கடிபட்டவள் எதிரில் இருந்தாள். என் நாக்கு தானாகவே கயிறு என்றது. அதை யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால்தான் அப்படி வரும்.

8

முதல் பகுதியில், 'அந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பது எனக்குத் தெரியாது' என்று எழுதியிருக்கிறேன். அதை நான் அடிக்கவில்லை. நீங்கள் அதை நம்பித்தான் இதுவரை வந்தீர்கள். சப்ஹாவும் நம்பினாள்.

6.41க்கு நடந்தது இதுதான். 'சலீம் இருக்கு' என்று காதில் விழுந்ததும் எங்கேயோ ஒன்று அசைந்தது. என் அம்மா தளம் போட்ட வீட்டிலும் பாம்பை அதன் பெயரால் அழைத்ததில்லை. ஆணா பெண்ணா, கயிறென்றால் எந்தக் கயிறு என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆனால் பாம்புக்கடி என்றால், வண்டி போய்ச் சேரும்வரை மொழிபெயர்ப்பாளன் இணைப்பைவிட்டு எழக்கூடாது என்பது எங்கள் அறையின் விதி. ஏழு மணிக்கு என் நேரம் முடிகிறது. ஏழு பத்துக்குப் பேருந்து, அடுத்தது ஒன்பதுக்கு. தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்று என்னால் சத்தியம் பண்ணமுடியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போனேன். பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

இதை இங்கே எழுதுவதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சப்ஹாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ்தா கதை படிக்கிறவன் இல்லை. கதையில் ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவ்தா என் சட்டையைப் பிடிக்கிறான். பிறகு பெரியவர்கள் கூடுகிறார்கள், சமாதானம் ஆகிறது, காபி வருகிறது. என் குற்றத்துக்கு எனக்கே காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டேன்.

இன்னொன்றில், "தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்கிறேன். சப்ஹா போய்த் துணியை மடிக்கிறாள். மூன்றில் அதுதான் நன்றாக வந்தது, நம்பும்படி வந்தது. அதனாலேயே இங்கே முழுதாக வைக்கப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதில், நான் வாயைத் திறக்குமுன் மிஸ்னாவே எல்லாம் புரிந்துகொண்டு புருஷனைத் திட்டித் தீர்க்கிறாள், சப்ஹா வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். கால்விரல்களை இழக்கப்போகிறவளை எனக்காக வேலை வாங்கினேன். அதையும் எடுத்துவிட்டேன்.

ஆகவே கதையை அந்த நிமிடத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

தாளில் ஒரு வரி பாக்கி இருக்கிறது. 'தொலைபேசியில் அழைத்த உறவினர், பாம்புக்கடி என்று தெரிவிக்கவில்லை.' நான் கையெழுத்திட்ட பதிலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். என் கட்டைவிரல் அதன்மேல் இருக்கிறது.

"நின்னுட்டியே, அடுத்த வரி என்ன?" என்கிறான் அவ்தா.

சப்ஹா என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லு தம்பி."

தாளை இப்போது உங்கள் கையில் தருகிறேன். ஹீப்ரு தெரியாது என்று சொல்லவேண்டாம், அந்த வரியை மேலே தந்துவிட்டேன். கயிறென்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும். வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதான் பாக்கி. அவ்தா உங்கள் வாயையே பார்க்கிறான். மிஸ்னா பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள்.